குழந்தை உடையை நனைத்துவிட்டால்

பெற்றோருக்கு ஒரு பாடம்



மூன்று வயதுக் குழந்தை ஒன்று. பதினைந்து நாட்களாக அதன் உடை நனையவில்லை. "அம்மா, ஒண்ணுக்கு" என்று தானே வந்து சொல்லும். தாய்க்குப் பெருமை, டயப்பர் வாங்கும் செலவு நின்றதே என்று தகப்பனுக்கு நிம்மதி. ஒரு நாள் மாலை ஊரிலிருந்து பெரியப்பா குடும்பத்தோடு வருகிறார். புதிய கோரைப்பாயை விரித்து எல்லோரும் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். குழந்தை பெரியப்பாவின் மக்களோடு ஓடியாடி விளையாடுகிறது. திடீரென்று பாயின் நடுவே நின்றுவிடுகிறது. காலடியில் ஈரம் பரவுகிறது. எல்லோரும் பார்க்கிறார்கள். தாயின் முகம் சிவக்கிறது, கை ஓங்குகிறது.

அந்த ஓங்கிய கை எதைத் தண்டிக்கப் போகிறது? குழந்தையின் பிடிவாதத்தையா? சோம்பலையா? அல்லது விருந்தினர் முன்னிலையில் தனக்கு ஏற்பட்ட வெட்கத்தையா? இந்தக் கேள்விக்கு உண்மையான விடை காண்பதே இன்றைய பாடத்தின் நோக்கம்.

1. "எல்லாம் தெரிந்த பிள்ளைதானே!"

"தெரியாத குழந்தையானால் பொறுத்துக்கொள்ளலாம், இதற்கோ எல்லாம் தெரியும். வேண்டுமென்றே செய்கிறது" என்று அநேக தாய்மார் சொல்வதுண்டு. ஆனால், அறிதல் வேறு, தவறாமல் செய்தல் வேறு. சைக்கிள் ஓட்டக் கற்ற சிறுவன் முதல் மாதத்தில் எத்தனை முறை விழுகிறான்! ஓட்டத் தெரிந்திருந்தும் விழுகிறானே என்று யாரும் அவனை அடிப்பதில்லை.

சிறுநீரை அடக்கி உரிய இடத்தில் கழிப்பது நமக்கு ஒரே காரியமாகத் தோன்றுகிறது. குழந்தைக்கோ அது ஐந்து காரியங்கள். பை நிறைந்துவிட்டது என்பதை உணர வேண்டும்; அந்த உணர்ச்சி இன்னதென்று கண்டுகொள்ள வேண்டும்; சற்று நேரம் அடக்க வேண்டும்; விளையாட்டை விட்டுவிட்டுக் கழிப்பறைக்குச் செல்ல வேண்டும்; உடையைக் கழற்ற வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் உடை நனையும்.

மேலும், மூன்று வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை சுமார் 120 முதல் 150 மில்லி லிட்டர்தான் கொள்ளும். அதாவது, நாம் காப்பி குடிக்கும் சிறிய டம்ளர் அளவு. பெரியவர்களுக்கு முதல் உணர்ச்சி தோன்றியபின் நெடுநேரம் அவகாசம் இருக்கிறது. குழந்தைக்கோ உணர்ச்சி வருவதற்கும் அடக்க முடியாமல் போவதற்கும் இடையே சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களும் விளையாட்டு மும்முரத்தில் கழிந்துவிட்டால், "அம்மா" என்று கூப்பிடும் முன்பே காரியம் முடிந்துவிடுகிறது. பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிய குழந்தைக்கு நேர்ந்தது இதுதான். அது கீழ்ப்படியாமை அன்று. கவனம் வேறிடத்தில் இருந்தது, அவ்வளவே.

2. பாட்டி சொல்வதும் உண்மையே

"என் பிள்ளைகள் எல்லாம் ஒரு வயதிலேயே பழகிவிட்டார்கள்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு இளந்தாய்மார் மனம் நொந்துபோகிறார்கள். பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அக்காலத்து வழக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தாயோ பாட்டியோ கால்களை நீட்டி அமர்ந்து, பாதங்களின் மேல் குழந்தையை உட்காரவைத்து, "ஸ்ஸ்ஸ்" என்று ஒலி எழுப்பிக் கழிக்கச் செய்வார்கள். குழந்தை முனகினாலும் முகம் மாறினாலும் உடனே தூக்கிச் செல்ல ஆள் இருந்தது. அரைஞாண் கயிறு ஒன்றைத் தவிர வேறு உடை பெரும்பாலும் இல்லை. முற்றத்திலோ சிமெண்டுத் தரையிலோ கழித்துவிட்டால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் போதும். அதைத் தவறு என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. அங்கே குழந்தை பழகியதைவிடக் குழந்தையின் குறிப்பை அறியப் பெரியவர்கள் பழகியிருந்தார்கள் என்பதே பொருத்தம். அந்த நல்ல வழக்கத்திலிருந்து நாம் கற்கவேண்டியது அவசரத்தை அன்று, கவனிப்பை.

மேல்நாட்டிலும் ஒரு காலத்தில் கடிகாரம் பார்த்துக் கண்டிப்பாகப் பழக்கவேண்டும் என்ற கொள்கை இருந்தது. பிறகு அது மாறியது. 1962-ஆம் ஆண்டில் டி. பெரி பிரேசெல்டன் என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர், தம்மிடம் வந்த 1,170 குழந்தைகளைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்து வெளியிட்டார். குழந்தை ஆயத்தமாகும்வரை காத்திருந்து, வற்புறுத்தாமல் படிப்படியாகப் பழக்குவதே அவர் காட்டிய வழி. அக்குழந்தைகள் பகலில் பழகி முடிக்கச் சராசரியாக 28 மாதங்களுக்குச் சற்று மேல் ஆயிற்று. சராசரி என்பதன் பொருள், பலர் அதற்கு முன்னும் பலர் அதற்குப் பின்னும் பழகினார்கள் என்பதே. இன்றும் மூன்று வயதைக் கடந்தும் அவ்வப்போது உடை நனைக்கும் குழந்தைகள் அநேகர். ஆகையால் பக்கத்து வீட்டுக் குழந்தையை அளவுகோலாக வைத்துத் தம் குழந்தையை அளப்பது வீண்.

3. பயத்தினால் விளைவது என்ன?

அடித்தால், அதட்டினால், குழந்தை பயந்து சரியாகிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். பயம் இரண்டு கேடுகளை விளைவிக்கிறது.

முதற்கேடு உடலுக்கு. தவறிவிடுவோமோ என்று பயந்த குழந்தை மலத்தையும் சிறுநீரையும் அடக்கத் தொடங்குகிறது. கதவு மறைவில் நின்று, காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க முக்குவதுபோல் தோன்றும். உண்மையில் பல வேளைகளில் அது அடக்கிக்கொண்டு நிற்கும் நிலையே. அடக்கிய மலம் இறுகும். இறுகிய மலம் வெளியேறும்போது வலிக்கும். வலித்ததை நினைத்து மறுநாளும் அடக்கும். குடலில் தேங்கிய மலம் பக்கத்திலுள்ள சிறுநீர்ப்பையை அழுத்துவதால் உடை நனைவது அதிகமாகும். சில குழந்தைகளுக்கு இறுகிய மலத்தைச் சுற்றி நீராக மலம் கசிந்து உடையில் படும். தாய் அதைப் பேதி என்று நினைத்துவிடுவாள். குழந்தைக்கோ அது கசிவதே தெரியாது. இப்படியாக, அடியால் நிறுத்த நினைத்த காரியம் அடியாலேயே வளர்கிறது.

இரண்டாவது கேடு மனத்துக்கு. ஒரு வீட்டில் இரண்டு நாட்களாக ஏதோ நாற்றம். தேடிப் பார்த்தால், கட்டிலுக்கு அடியில் பழைய பெட்டிக்குப் பின்னால் சுருட்டி வைத்த ஈர ஜட்டி. "யார் வைத்தது?" என்று தாய் கேட்கிறாள். "எனக்குத் தெரியாது" என்கிறது மூன்றரை வயதுக் குழந்தை. அதுவரை பொய் சொல்லி அறியாத பிள்ளை! அதற்கு முந்திய நாள் அதே தவறுக்காக வாங்கிய அடி தொடையில் இன்னும் மறையவில்லை. பெற்றோர்களே, அந்த வீட்டில் கெட்டுப்போனது ஜட்டி அன்று. துணியைத் துவைத்துவிடலாம். "எனக்கு ஒன்று நேர்ந்தால் அம்மாவிடம் சொல்லலாம்" என்ற நம்பிக்கை போனால் அதைத் துவைத்து எடுக்க முடியுமா? இன்று ஈர உடையை மறைக்கும் குழந்தை, நாளை பள்ளியில் நேர்ந்ததை மறைக்கும்; பின்னொரு நாள் யாரேனும் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டாலும் மறைக்கும். ஆகையால் இது சிறு விஷயமன்று.

ஆதலின், அடிப்பது, கிள்ளுவது, ஈர உடையோடு நிறுத்தி வைப்பது, "வெட்கமில்லை?" என்று பிறர்முன் கேட்பது, "தம்பிப் பாப்பாகூட உன்னைவிடத் தேவலை" என்று ஒப்பிடுவது, போலீஸ், ஊசி என்று மிரட்டுவது ஆகியவை எல்லாம் நம் வீடுகளிலிருந்து ஒழிய வேண்டும். படுக்கையை நனைக்கும் பிள்ளைக்குச் சூடு போடுவேன் என்று பயமுறுத்துவதும், சில இடங்களில் போட்டே விடுவதும் பெருங்கொடுமை. அதனால் ஒரு குழந்தையும் திருந்தியதில்லை. தழும்பு மட்டும் தங்கியது.

4. அந்த வேளையில் செய்ய வேண்டியது

உடை நனைந்துவிட்டது. இனி என்ன செய்வது? ஐந்து படிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, உங்கள் முகத்தைச் சாந்தமாக்குங்கள். குழந்தை ஈரத்தைப் பார்ப்பதற்குமுன் உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். கோபம் தாளாவிட்டால் ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பிறகு பேசுங்கள்.

இரண்டாவது, நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். "நனைஞ்சு போச்சா கண்ணு? பரவாயில்லை, அடுத்த தடவை ஓடிப் போயிடலாம்." அவ்வளவு போதும். நீண்ட உபதேசம் வேண்டாம். சிரித்துக் கொண்டாடவும் வேண்டாம். அப்படிச் செய்தால் அதையே விளையாட்டாக்கிக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு.

மூன்றாவது, கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாதியில் நின்றது மிச்சம் இருக்கலாம். மேலும், "இதற்குரிய இடம் இது" என்பதைச் சொல்லால் அல்ல, செயலால் கற்பிக்கிறீர்கள்.

நான்காவது, கழுவித் துடைத்து உலர்ந்த உடை மாட்டுங்கள். ஈரத்தோடு விட்டால் தொடையிடுக்கில் புண் வரும்.

ஐந்தாவது, குழந்தையால் முடிந்த சிறு வேலையைக் கொடுங்கள். ஈர உடையை வாளியில் போடுவதும், அலமாரியிலிருந்து வேறு ஜட்டி எடுத்து வருவதும் அதனால் முடியும். இது தண்டனையாக இருக்கலாகாது. "நீயே போட்டுடு, அம்மா துவைக்கிறேன்" என்று கூட்டாளியிடம் சொல்வதுபோல் சொல்லுங்கள். தவறு நேர்ந்தால் மறைக்க வேண்டியதில்லை, சரிசெய்தால் போதும் என்ற பெரிய பாடத்தைக் குழந்தை இந்தச் சிறு வேலையில் கற்கிறது.

இவை முடிந்ததும் அந்தப் பேச்சை அத்துடன் விட்டுவிடுங்கள். மாலையில் தகப்பனார் வீடு திரும்பியதும், "உங்கள் மகன் இன்று என்ன செய்தான் தெரியுமா?" என்று தொடங்க வேண்டாம். ஒரு தவறுக்கு இரண்டு விசாரணை நியாயமன்று.

5. மறுபடி நேராதிருக்க

குழந்தையிடம் "வருதா? வருதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதில் பயனில்லை. விளையாட்டை விட மனமில்லாத குழந்தை "இல்லை" என்றே சொல்லும், அதுவே பழக்கமாகிவிடும். கேட்பதற்குப் பதிலாக நேரங்களை வழக்கமாக்குங்கள். காலையில் எழுந்ததும், சாப்பிட்டபின், வெளியே புறப்படுமுன், வந்து சேர்ந்ததும், படுக்குமுன் என்று, இடையிலும் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, "வா, போயிட்டு வந்து விளையாடலாம்" என்று கூட்டிச் செல்லுங்கள். சாப்பிட்டபின் குடல் இயல்பாகவே அசைந்து கொடுக்கும்; ஆகையால் மலம் கழிக்கப் பழக்குவதற்கு அது ஏற்ற நேரம். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். வரவில்லையென்றால் இறக்கிவிடுங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம்.

கழிப்பறையைக் குழந்தையின் கண்ணால் பாருங்கள். தரையில் பதித்த கழிப்பறையானால், குழிக்குள் விழுந்துவிடுவோமோ என்று பயப்படும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உயரமான மேல்நாட்டு இருக்கையானால், கால் தொங்காதபடி ஒரு சிறு முக்காலி வையுங்கள். கால் ஊன்றினால்தான் முக்க முடியும். இருட்டாக இருந்தால் விளக்கு எரியட்டும். தண்ணீர் பெருஞ்சத்தத்துடன் இறங்குவதைக் கண்டு அஞ்சும் குழந்தை வெளியே வந்தபின் தண்ணீரை விடுங்கள்.

உடையும் இலேசாக இருக்க வேண்டும். பொத்தானும் பெல்ட்டும் உள்ள கால்சட்டை விசேஷ நாளைக்கு அழகுதான். ஆனால் அவசரத்தில் அதுவே பகை. எலாஸ்டிக் வைத்த உடையே இப்பருவத்துக்கு ஏற்றது.

நனைத்துவிடும் என்று பயந்து தண்ணீர் கொடுப்பதைக் குறைக்காதீர்கள். குறைத்தால் மலம் இறுகும். சிறுநீர் மஞ்சளாகக் கெட்டிப்பட்டு எரியும். நனைப்பது கூடுமேயன்றிக் குறையாது. வாழைப்பழம், கொய்யா, கீரை, பயறு ஆகியவற்றைத் தாராளமாகக் கொடுங்கள். நாள் முழுவதும் பாலையே குடித்துச் சோறு உண்ணாத குழந்தைக்கு மலச்சிக்கல் எளிதில் வரும்.

புறப்படும்போதெல்லாம் ஒரு பையில் இரண்டு ஜட்டி, ஒரு மாற்றுடை, ஒரு துண்டு, ஈரத்துணி வைக்க ஒரு பிளாஸ்டிக் உறை. இந்தப் பை கையில் இருந்தால் பேருந்திலோ கலியாண வீட்டிலோ ஞாயிறு பூசையிலோ எது நேர்ந்தாலும் தாய் பதற வேண்டியதில்லை. அங்கே சுற்றியிருக்கும் நம் எல்லோருக்கும் ஒரு கடமை உண்டு. திரும்பிப் பார்த்து முகம் சுளிக்காமல், வழிவிட்டு உதவ வேண்டும்.

6. சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நன்றாகப் பழகிய குழந்தை, தம்பி பிறந்தபின் மீண்டும் நனைக்கிறது. ஏன்?
பதில்: புதுக் குழந்தை, வீடு மாறுதல், பள்ளியில் சேர்தல், தாய் ஊருக்குப் போதல், வீட்டில் சச்சரவு இவற்றில் எதுவும் குழந்தையைப் பின்னோக்கித் தள்ளலாம். அது பொறாமையால் செய்யும் குறும்பு என்று எண்ண வேண்டாம். தினமும் சிறிது நேரம் மூத்த குழந்தையைத் தனியே மடியில் வைத்துப் பேசுங்கள். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்.

கேள்வி: வீட்டில் நனைப்பதில்லை, அங்கன்வாடியிலோ மழலைப் பள்ளியிலோ நனைத்துவிடுகிறதே?
பதில்: புது இடத்தில் கேட்கக் கூச்சப்படும், அல்லது அங்குள்ள கழிப்பறையைக் கண்டு பயப்படும். முதல் நாளே நீங்கள் அழைத்துச் சென்று இடத்தைக் காட்டுங்கள். என்ன சொல்லிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். டீச்சரிடம் மரியாதையாகச் சொல்லி, மாற்றுடையும் கொடுத்து வையுங்கள்.

கேள்வி: பகலில் சரி, இரவில் மட்டும் படுக்கையை நனைக்கிறது. என்ன செய்வது?
பதில்: இரவு வேறு பாடம். உறக்கத்தில் சிறுநீர் குறைவாகச் சுரக்கச் செய்யும் ஹார்மோனும், பை நிறைந்ததும் விழிக்கும் தன்மையும் வயதோடுதான் வளரும். பயிற்சியால் விரைவுபடுத்த முடியாது. ஐந்து வயதிலும் நூற்றுக்குச் சுமார் 15 குழந்தைகள் படுக்கையை நனைக்கிறார்கள். தகப்பனுக்கோ தாய்க்கோ சிறுவயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வரக்கூடும். பாட்டியைக் கேட்டுப் பாருங்கள்! ரப்பர் விரிப்பின்மேல் துணி விரித்துப் படுக்க வையுங்கள். ஐந்து வயதுக்கு மேலும் நீடித்தால் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: சரியாகப் போனால் மிட்டாய் கொடுக்கலாமா?
பதில்: ஒரு நல்ல வார்த்தை மிட்டாயைவிட மேல். "நீயே சொன்னியே!" என்று பாராட்டுங்கள். உலர்ந்த நாட்களை மட்டுமன்றி, நனைந்தபின் வந்து உண்மையைச் சொன்னதையும் பாராட்டுங்கள்.

கேள்வி: எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்?
பதில்: சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், வலி, காய்ச்சல், துர்நாற்றம், இரத்தம், ஓயாமல் சொட்டுதல் இருந்தால் உடனே காட்டுங்கள்; சிறுநீர்ப் பாதையில் தொற்று இருக்கலாம். பல நாள் மலம் போகாமலோ, வலித்து இரத்தம் கண்டாலோ, உடையில் அடிக்கடி மலம் கசிந்தாலோ காட்டுங்கள். இரவில் ஆசனவாயில் அரிப்பு இருந்தால் கீரிப்பூச்சி இருக்கக்கூடும். எளிய மருந்தில் தீரும். நன்றாகப் பழகிய குழந்தை திடீரென்று நனைக்கத் தொடங்கி, அத்துடன் தாகம் மிகுந்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, உடல் மெலிந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. குழந்தைகளுக்கும் சர்க்கரை நோய் வருவதுண்டு. அதன் அடையாளம் இப்படியும் தோன்றும். அப்பிள்ளையை அடித்து உட்கார வைத்திருந்தால் எத்தகைய விபரீதம் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்!

7. முடிவாக

பெரியப்பா வந்த அந்த மாலைக்குத் திரும்புவோம். ஓங்கிய கையைத் தாய் இறக்கிக்கொண்டாள் என்று வைத்துக்கொள்வோம். "அடடா, விளையாட்டிலே மறந்துட்டியா? வா கண்ணு" என்று குழந்தையை அழைத்துச் செல்கிறாள். தகப்பன் எழுந்து பாயை எடுத்துக் கொல்லையில் அலசிப் போடுகிறான். பெரியப்பா, "எங்க வீட்டிலேயும் இப்படித்தான்" என்று சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறார். ஐந்து நிமிடத்தில் உலர்ந்த உடையோடு குழந்தை மறுபடி விளையாட வந்துவிடுகிறது. பாய் மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும். அடுத்த வாரம் நனைந்தாலும் அந்தக் குழந்தை கட்டிலுக்கு அடியில் ஒளியாது. நேரே தாயிடம்தான் வரும்.

இன்னும் சில மாதங்களில் இந்தத் தொல்லை தானாக நீங்கும். எத்தனை பாய் நனைந்தது என்று அப்போது யாருக்கும் ஞாபகம் இராது. நனைந்த வேளையில் தாய் தகப்பன் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதன் பயனோ குழந்தையின் உள்ளத்தில் நெடுநாள் தங்கும்.

இவ்வாரம் செய்ய வேண்டியவை:

(1) கணவனும் மனைவியும் வீட்டுப் பெரியவர்களும் ஒன்றாக அமர்ந்து, குழந்தை நனைத்துவிட்டால் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்வது என்று முடிவு செய்யுங்கள். ஒருவர் அணைத்து ஒருவர் அடித்தால் குழந்தை குழம்பும்.

(2) குழந்தை எந்தெந்த வேளையில் நனைக்கிறது என்று ஏழு நாள் ஒரு தாளில் குறித்து வையுங்கள். காரணம் அதிலேயே தெரியக்கூடும். மருத்துவரிடம் போகவேண்டி வந்தாலும் அந்தத் தாள் உதவும்.

(3) முன்பு எப்போதாவது கோபத்தில் அடித்திருந்தால், குழந்தையை மடியில் வைத்து, "அன்னிக்கு அம்மா கோபத்திலே அடிச்சுட்டேன், அது தப்பு" என்று சொல்லுங்கள். பெற்றோர் தாழ்ந்துபோவதில்லை, உண்மையைச் சொல்லப் பிள்ளை கற்றுக்கொள்ளும்.